நீ எழுதவில்லை என்று ஒரு காகிதம்

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். குட்டி இப்போதுதான் கண்ணை மூடினாள். பகலில் உட்கார்ந்தால் கீபோர்டு எனக்கா அவளுக்கா என்று சண்டை வந்துவிடுகிறது.

சாயங்காலம் அவள் வாயிலிருந்து ஒரு பகடையை எடுத்தேன். எட்டு முகம் உள்ள உன் பச்சைப் பகடை. சோபாவுக்கு அடியில் எத்தனை நாளாகக் கிடந்ததோ, அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. விரலை விட்டு எடுத்து, அவளைக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டி, போன் வெளிச்சத்தில் தொண்டை வரைக்கும் பார்த்தேன். "எடுத்தாச்சில்ல, விடேன்" என்றார் இவர். விடவில்லை. சோபா, கட்டில், பிரிட்ஜ் எல்லாவற்றையும் நகர்த்திப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பயப்படுவது இப்போது எனக்கு முழுநேர வேலை. ஆனால் அந்தப் பகடையைக் குழாயில் கழுவும்போது பயம் போய்க் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

இது உன் பழைய மெயிலுக்குத்தான் வருகிறது. திருச்சியில் உன் அப்பா, அதாவது அங்கிள், அதைத் தன் போனில் திறந்து பார்க்கிறார் என்று உன் சித்தி சொன்னார்கள். உனக்கு வரும் வங்கி அறிவிப்பு, துணிக்கடைத் தள்ளுபடி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்து, ஒன்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறாராம். நான் அவருக்கு எழுதிய மடல்களுக்குப் பதில் வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. உனக்கு எழுதினால் படிப்பார். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நாம் எழுதிப் புத்தகமாக அச்சுப் போட்ட விளையாட்டை ஒரு கம்பெனி கேட்கிறது. குர்கானில் கண்ணாடிக் கட்டடம், கீழே காபிக் கடை, அந்த மாதிரி இடம். அவர்கள் அங்கிளுக்கு ஒரு காகிதம் கூரியரில் அனுப்பியிருக்கிறார்கள். உன் சித்தி போனில் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். நயமான ஆங்கிலத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்: 'என் மகள் இதை எழுதவில்லை. அவளுக்கு இதில் உரிமை எதுவும் கிடையாது. இனி நானும் கேட்க மாட்டேன்.' கீழே அங்கிள் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறது. காகிதம் டிவி மேல் கிடக்கிறதாம். அடுத்த வாரம் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவானாம்.

அங்கிள் போட்டுவிடுவார் என்று பயமாக இருக்கிறது. காசுக்காக இல்லை, அந்தப் புத்தகம் கண்ணில் படக்கூடாது என்பதற்காக.

டெல்லியில், முனிர்காவில் என் அறையில்தான் இது ஆரம்பித்தது. கீழே மோமோ கடை, மேலே வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி, நடுவில் ஜன்னல் இல்லாத நம் ராஜ்ஜியம். யாரோ சீனியர் விட்டுப்போன ஒரு தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாராவாரம் ஆடினோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, என்ன நடக்கும் என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடையை உருட்டி, எல்லோரும் சேர்ந்து ஒரு கதையை நடத்திக்கொண்டு போகிற விளையாட்டு. நம்மிடம் மேசையும் கிடையாது, கவிழ்த்த வாளிதான். மற்றவர்கள் டிராகனை வெட்டிக்கொண்டிருக்கும்போது நீ அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாய். பீட்சா கூப்பனின் பின்பக்க நிபந்தனைகளைக்கூடக் கடைசி வரை படிக்கிற ஒரே பெண் நீ. பகலில் வக்கீல் ஆபீசில் ஒப்பந்தம் படிப்பாய், ராத்திரி ஆசைக்கு ஒப்பந்தம் படிப்பாய்.

"நாமளே ஒண்ணு எழுதி அச்சுப் போடலாம் டீ" என்றாய்.

"ஏட்டி, இது வெளிநாட்டுக் கம்பெனி புஸ்தகம். போலீசு பிடிச்சிற மாட்டானா?"

"பகடையை உருட்டுறதுக்கு எவனும் பட்டா வாங்க முடியாது. பெரிய நம்பர் வந்தா ஜெயிச்சேன்னு சொல்றது யாருக்கும் சொந்தம் இல்ல. ஆனா அதைச் சொல்றதுக்கு அவன் எழுதின வாக்கியம் அவனோடது. அவன் வச்ச பேரு, அவன் போட்ட படம், அவன் உண்டாக்கின ஊரு, எல்லாம் அவனோடது. அதைத் தொடக் கூடாது. நம்ம வாக்கியத்தை நாம எழுதுவோம்."

"டிராகனுக்கு எங்கட்டி போவ?"

"நமக்கெதுக்கு டிராகன்? எங்க கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் இருக்கு."

அப்படித்தான் 'காலி செய்யும் நோட்டீஸ்' பிறந்தது. இடிக்கப்போகிற ஒரு அரசாங்கக் காலனி. ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு குடும்பம். ஒவ்வொரு வீட்டிலும் முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன ஏதோ ஒன்று இருக்கும். நிலைப்படியில் ஒரு குழந்தையின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள், பரணில் பூட்டிய பெட்டி, தினமும் ஒரே நேரத்துக்கு அடித்து நிற்கிற போன். அது யாருடையது, ஏன் விட்டுப் போனார்கள் என்பதை புல்டோசர் வருவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். கேட்பவர்கள் சிரித்தார்கள். அந்தக் குர்கான் கம்பெனி ஆளும் முதலில் சிரித்தான், அப்புறம்தான் காகிதத்தை எடுத்தான்.

உங்கள் கிட்வாய் நகர் அரசாங்க வீட்டு முன்னறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பக்கத்துப் பிளாக்குகளை ஏற்கெனவே இடித்துவிட்டிருந்தார்கள். துணி காயப்போட்டால் சிமென்ட் தூசியோடுதான் எடுக்க முடியும். அங்கிள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"என்னம்மா இது, படிச்ச பொண்ணுங்க தாயம் உருட்டுறீங்க?"

"தாயம் இல்லப்பா, ஆராய்ச்சி" என்றாய் நீ.

"ஆராய்ச்சியாம்! அச்சா, என்ன ஆராய்ச்சின்னு சொல்லு, கேப்போம்."

நான் சொன்னேன். புதுக் குடும்பம் வந்திருக்கிறது, சுவரில் பழைய ஆணி ஒன்று இருக்கிறது, பகடை உருட்டி அதைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று. குடியிருப்பு ஒதுக்குகிற பிரிவிலேயே காலம் கழித்தவர் அவர். முகம் மாறிவிட்டது.

"பிடுங்கக் கூடாதும்மா. புதுசா வர்றவன் முதல்ல அதைத்தான் பண்ணுவான். பிடுங்கினா சுவரும் சேர்ந்து வரும். ஆணி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், அதுல நாம என்ன மாட்டலாம்னு பாக்கணும்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். நீ அப்போதே எழுதிக்கொண்டாய். நம் விளையாட்டின் நடு விதி அதுதான்: முன்னால் இருந்தவர் விட்டதை யாரும் அழிக்க முடியாது, அதன்மேல் தன்னுடையதைச் சேர்க்கலாம். இந்த விதி வந்த பிறகுதான் ஆட்டத்துக்கே உயிர் வந்தது. அங்கிளுக்கு இது தெரியாது. அவர் புத்தகத்தைத் திறந்ததே இல்லை.

மேசையில் யார் என்ன சொல்லி ஆட்டம் மாறினாலும் அவர்கள் பெயரைக் குறித்துவைப்பது உன் வழக்கம். அதனால் கடைசிப் பக்கத்தில் 'இதை எழுதியவர்கள்: மேசையில் இருந்த எல்லோரும்' என்று போட்டு, ஆடிப் பார்த்த அத்தனை பேரையும் வரிசையாகப் போட்டாய். அதில் 'டீ கொண்டுவந்தவர்' என்று அங்கிளும் இருக்கிறார். முதல் பக்கத்தில் நம் இரண்டு பேர் பெயரும் வர வேண்டும் என்று நான் சொன்னபோது, "முதல் பக்கம் எதுக்குடீ, நமக்குத் தெரியாதா?" என்றாய். ஊரெல்லாம் ஒப்பந்தம் படித்த நீ, உன் புத்தகத்தில் உன் பெயரைப் போடாமல் விட்டாய்.

அந்தக் கடைசிப் பக்கத்து வரியைத்தான் குர்கான்காரன் என் முன்னால் திருப்பிக் காட்டினான். நம்மூர்ப் பையன்தான். குட்டி என் மடியில் அவன் விசிட்டிங் கார்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

"சிஸ்டர், நீங்களே பாருங்க. எல்லாரும் எழுதினாங்கன்னு போட்டிருக்கு. எல்லாரும் எழுதினா யாரும் எழுதலன்னுதானே அர்த்தம்? லீகலா பெரிய தலைவலி. சிம்பிளா முடிச்சிரலாம். நீங்க மட்டும்தான் எழுதினீங்கன்னு சைன் பண்ணுங்க. உங்க ஃப்ரெண்டோட அப்பா, அவங்களுக்குச் சம்பந்தம் இல்லன்னு ஒரு லெட்டர் குடுக்கட்டும். நன்றின்னு ஒரு பக்கம் போட்டு அதுல அவங்க பேரைப் போட்டுடறோம்."

"கல்யாண வீட்டுல பந்தி பரிமாறுனவங்க பேரெல்லாம் சொன்னா, சமைச்ச ஆள் இல்லன்னு ஆயிருமா தம்பி?"

"அது வேற சிஸ்டர்..."

"என்ன வேற? மேசையில ஒரு யோசனை சொன்னவங்க வேற, உக்காந்து வாக்கியம் வாக்கியமா எழுதுனவங்க வேற. எழுதுனது ரெண்டு பேர். ஒருத்தி இங்க இருக்கேன். இன்னொருத்தி இல்ல. இல்லங்கதுக்காக எழுதலன்னு ஆகாது."

"நீங்க எமோஷனலா யோசிக்கிறீங்க."

"ஆமா. எமோஷனலா யோசிச்சு எழுதுன வெளையாட்டத்தான நீங்க கேக்கீய?"

குட்டியின் வாயிலிருந்து கார்டைப் பிடுங்கி அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். மெட்ரோவில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை. ஆனால் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அங்கிளைப் பிடிப்பான் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று.

அங்கிள் ஏன் அந்தப் புத்தகத்தை வெறுக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாராயணா தொழிற்பேட்டையில் அச்சகத்துக்குப் போன அன்று உனக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. புத்தகம் கட்டுக்கட்டாகத் தயாராக இருந்தது. பிரித்துப் பார்த்தால் இரண்டாம் பக்கத்தில் நாம் எழுதாத ஒரு வரி: அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை. வேறு யாருடைய தமிழ்ப் புத்தகத்துக்கோ போட்ட பக்கத்தை அச்சகத்தார் அப்படியே ஒட்டியிருந்தார்கள்.

"பையா, யே ஹம்னே நஹி லிக்கா" என்றாய், இது நாங்கள் எழுதியது இல்லையே என்று.

"மேடம், யே தோ ஹர் கிதாப் மே ஹோதா ஹை" என்றார் அவர். எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதானே, இதில் என்ன குற்றம் என்று அவருக்குப் புரியவே இல்லை.

நீ ஒரு கறுப்பு மார்க்கர் வாங்கிவரச் சொன்னாய். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரியை அடித்தாய். நானும் அடித்தேன். "விட்டுருட்டி, உடம்பு கொதிக்கி" என்றேன். "நாளைக்கு மதுரையில ஒரு பொண்ணு இதை வச்சு அவ ஊருக்கு ஒரு ஆட்டம் எழுதணும். இந்த வரியைப் பார்த்தா பயந்துருவா. யாரும் நம்மகிட்டப் பர்மிஷன் கேட்டு நிக்கக் கூடாது. நம்ம பேரைச் சொன்னாப் போதும். அவ எழுதினதை அடுத்தவ எடுக்கவும் விடணும். அவ்வளவுதான் நிபந்தனை" என்றாய். அடுத்த பதிப்பில் அதை முறையான திறந்த உரிமமாக எழுதிப் போடலாம் என்றாய். எங்கே முற்றுப்புள்ளி வரும் என்பது வரைக்கும் சொன்னாய்.

டெங்கு உன்னை அடுத்த பதிப்பு வரை விடவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அங்கிள் சொன்னது இதுதான்: "காய்ச்சலோட போய் உக்காந்து கோடு போட்டிருக்கா. அந்தப் புஸ்தகத்தப் பத்தி இனிமே எங்கிட்டப் பேசாதம்மா." நான் பேசவில்லை. அவர் காலனி வீட்டைக் காலி செய்து திருச்சிக்குப் போனபோதும் பேசவில்லை. இன்றைக்குப் பேசுகிறேன். காய்ச்சல் கொசுவால் வந்தது அங்கிள், புத்தகத்தால் வரவில்லை. அன்று வீட்டில் படுத்திருந்தாலும் அது வந்திருக்கும் என்று டாக்டர் உங்கள் முன்னால்தான் சொன்னார். அவள் ஆசைப்பட்டுச் செய்த கடைசிக் காரியத்தை அவளுடைய தப்பாக ஆக்காதீர்கள்.

பார், உன்னிடம் பேசிக்கொண்டிருந்தவள் அவரிடம் போய்விட்டேன். நீ இருந்தால் "மெதுவாடீ, பாவம் அவர்" என்பாய். பாவம்தான். ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடித்த கோடு உரிமம் ஆகாது. அது எனக்கு இப்போது தெரியும். நம் மனதில் இருந்தது எங்கேயும் எழுத்தில் இல்லை. எழுதிக் கொடுத்தால்தான் மதுரைப் பெண்ணுக்குத் தைரியம் வரும். உண்மையிலேயே ஒருத்தி வந்துவிட்டாள், தெரியுமா? அங்கே ஒரு மில் குடியிருப்பை வைத்து ஆட்டம் எழுதியிருக்கிறாள். "அக்கா, வெளியிடலாமா, கேஸ் போடுவீங்களா?" என்று கேட்டு எழுதினாள். வாசித்தேன். ஷிப்டுச் சங்கு ஊதும்போதெல்லாம் முன்னால் குடியிருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். சங்கு நம்முடையது இல்லை, ஆனால் போகிறவர்கள் நம் ஆட்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வேன்? சேர்ந்து எழுதியதற்கு நான் ஒருத்தி மட்டும் உரிமம் கொடுக்க முடியாது. உன் பங்கு வீடு மாதிரி, நகை மாதிரி வாரிசுக்குப் போகும் என்று நீதான் சொல்லித் தந்தாய். உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, உன் அம்மாவும் உயிரோடு இல்லை. உன் பங்கு அங்கிள் கையில் இருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் என்னால் ஒரு பக்கத்தைக்கூடத் திறந்துவிட முடியாது. கம்பெனி கையில் போனால் அந்த மதுரைப் பெண்ணுக்கு முதலில் போகப்போவது வக்கீல் நோட்டீஸ்.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. போன வாரம் குட்டிக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். ஒரு சம்மதத் தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முழுக்கப் படித்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "மேடம், ஜல்தி கீஜியே" என்று அவசரப்படுத்தினார் நர்ஸ். ஒரு வரி புரியவில்லை என்று கேட்டேன். அவருக்கும் புரியவில்லை, உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். "எல்லாரும் போட்டுட்டுப் போறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்றார் இவர். என் குழந்தை, என் கையெழுத்து, நான் படிப்பேன் என்றேன். ராத்திரி மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்கிற பயந்தாங்கொள்ளிதான் நான். ஆனால் ஒரு காகிதத்தை நீட்டி யார் அவசரப்படுத்தினாலும் எனக்கு இப்போது பயம் வருவதில்லை. நிதானம் வருகிறது. குட்டி வளர்ந்து இந்த விளையாட்டை யார் எழுதினார்கள் என்று கேட்டால், உன் பெயரை முதலில் சொல்வேன், என் பெயரை அப்புறம் சொல்வேன். தாளில் எது இருந்தாலும் சரி. ஆனால் தாளிலும் அதுவே இருக்க வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

உனக்குச் சொல்ல வேண்டியது முடிந்தது. மீதி அங்கிளுக்கு.

அங்கிள், இதனோடு அரைப் பக்கத்தில், தமிழில், ஒரு சம்மதக் கடிதம் இணைத்திருக்கிறேன். எழுதியவர்கள் என்று அவள் பெயரும் என் பெயரும். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி எழுதலாம், எங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், தாங்கள் சேர்த்ததையும் மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஒரு தடவை கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது, அதையும் அதில் எழுதியிருக்கிறேன். மெதுவாகப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம், நான் வருத்தப்பட்டுக்கொள்கிறேன். ஆனால் டிவி மேல் இருக்கும் அந்த இன்னொரு காகிதத்தில் மட்டும் போடாதீர்கள். உங்கள் மகள் எழுதினாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்த ஆள் வருவதற்கு முன்னால், சரி என்றோ முடியாது என்றோ, ஒரு வரி பதில் போடுங்கள்.